தமுக்கத்தில் கச்சேரி: மத்தியானமே கிளம்புங்கள்

ஆறு மணிக் கச்சேரிக்கு மூன்றரைக்கே மதுரைத் தமுக்கம் மைதானத்துக்குப் போய்விடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஐந்து மணிக்கு மேல் கோரிப்பாளையம் சிக்னலிலேயே பாதிப் பொறுமை போய்விடும். சித்திரைத் திருவிழா நாட்களில் காரை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

முதலில் பக்கத்திலிருக்கும் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் அரண்மனை, 1959இல் அருங்காட்சியகமானது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அங்கே அவசரப்படாதீர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பூட்டியிருக்கும்.

கச்சேரி நடக்கும், 2022இல் திறந்த மாநாட்டு மைய அரங்கில் முதல் வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் மிருதங்கம் காதை அடைக்கும், பாட்டு அமுங்கிப்போகும். நடுவரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலிதான் சரி: இரு பக்க ஒலியும் சமமாக வரும், முன்னால் இருப்பவர் தலையும் அவ்வளவாக மறைக்காது. ஏசி குளிரும், ஒரு துண்டாவது இருக்கட்டும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்.

முடிந்ததும் வைகை ஆற்றைத் தாண்டி விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. அடியில் பாதாம் பிசின் தங்கும், கிண்டிக் குடியுங்கள்.