போரையும் வீட்டையும் எழுதிச் சொந்தச் செலவில் அச்சிடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சொந்தமாகப் புத்தகம் போடுவது புது வழக்கமில்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுத்து அனுப்புவோம். முன்பு கல்வெட்டு என்றோம், இப்போது நினைவு மலர் என்கிறோம். தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். எழுதியவர், காசு கொடுத்தவர், வாசிப்பவர் எல்லாரும் ஒரே சொந்தம். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. குடித்துவிட்டு அடித்த தகப்பனும் அங்கே கடமையே கண்ணாக வாழ்ந்தவர்தான்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு இன்னொரு வகைப் புத்தகம் இதே வழியில் வரத் தொடங்கியது. இடம்பெயர்வு, காணாமற்போன பிள்ளை, வெளிநாட்டில் பூட்டிய கதவுக்குள் நடந்த சண்டை, அதிலிருந்து மெல்ல எழும்பிய கதை. எழுதியவரே அச்சுக்கூலி கொடுத்து, மண்டபம் பிடித்து, வெளியிட்டும் விடுகிறார். இப்படியான பிரதிகள் சிலவற்றுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். பதிப்பகம் வழியாக வருகிற புத்தகத்தில், அது நல்ல பதிப்பகமாக இருந்தால், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்ல இடையில் ஒருவர் இருப்பார். இங்கே அவர் இல்லை. கோப்பைக் கொடுத்தால் அச்சகம் அடித்துத் தந்துவிடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு ஆள் இல்லாததால் வந்தவை.

கல்வெட்டுக் கை

வீட்டுக் கதையை எழுத உட்கார்ந்தாலும் கை தானாகக் கல்வெட்டு எழுதப் போய்விடும். குண்டு போட்டவன் கெட்டவன், வீட்டில் இருந்த எல்லாரும் நல்லவர்கள். ஆனால் எங்கள் போர் படலைக்கு வெளியே நின்றுவிடவில்லையே. அண்ணன் ஒரு இயக்கம், தம்பி இன்னொரு இயக்கம் என்று இருந்த வீடுகள் எத்தனை. 1986இல் புலிகள் ரெலோ என்ற மற்றத் தமிழ் இயக்கத்தை அழித்த அந்த நாள்களில் அப்படியொரு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு யார் யார் உட்கார்ந்தார்கள், தாய் யாருக்கு முதலில் பரிமாறினாள்? வாசிப்பவர் தேடுவது இதைத்தான். பிரதியிலோ "அக்காலத்தில் சகோதர மோதல்களும் இடம்பெற்றன" என்று ஒரு வரி இருக்கும், அடுத்த பத்தியில் இந்திய இராணுவம் வந்திறங்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சின்ன வயது அத்தியாயத்தில் நோன்புக் கஞ்சி அனுப்பிய அயல்வீடு வரும், பள்ளிச் சட்டை தைத்துத் தந்த தையல்காரர் வருவார். பிறகு அவர்கள் கதையில் எங்கேயும் இருக்கமாட்டார்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் உட்பட்ட வலிகாமத்துச் சனம் ஊரைவிட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டாவது தேதிக்கு நாற்பது பக்கம் ஒதுக்கிய ஒருவரிடம், முதலாவது எங்கே என்று கேட்டேன். "நான் என்ர கதையைத்தானே எழுதுறன்" என்றார். சரி. அந்தத் தையல்காரரிடம் கடன் சொல்லித் தைத்துப் போட்ட சட்டையும் அவருடைய கதைதான். அதை எழுதியவருக்கு, அந்தக் கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்றும் எழுத முடியும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையே எழுதலாம்.

நேர் எதிரான தவறும் இருக்கிறது. குடும்பச் சண்டையில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவே புத்தகம் போடுவது. ஒரு பிரதியில் பதினொரு பக்கம் சீதனக் காணியின் எல்லை விவரம் இருந்தது. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

பெயரை மாற்றினால் போதாது

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எழுதுபவர் தன் காயத்தை மட்டும் எழுதுவதில்லை. அக்காவின் காயம், மச்சாளின் காயம், பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பக்கத்தில் இருந்த பெண்ணின் காயம் எல்லாம் கூடவே வந்துவிடும். "பெயரை மாத்திட்டன், பிரச்சினை இல்லை" என்பார்கள். பெயரை மாற்றிவிட்டு, "சங்கக்கடைக்குப் பின்வீட்டில் இருந்த, ஒரு கால் இழந்த சங்கீத ரீச்சர்" என்று எழுதினால் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? எங்கள் ஊர்களில் ஆளை அடையாளம் காட்டுவது பெயரே இல்லை. வீடு, தொழில், உடலில் உள்ள ஒரு குறி, யாருடைய மகள் என்பது. மாற்றுவதென்றால் இவற்றை மாற்ற வேண்டும். சங்கீதத்தைக் கணக்காக்கலாம், ஊரைப் பெயர் சொல்லாமல் விடலாம். நடந்தது அப்படியே இருக்கட்டும்.

முன்னாள் பெண் போராளிகளின் கதையில் இன்னும் கவனம் வேண்டும். இப்போது கலியாணம் கட்டி, இயக்கத்தில் இருந்தது மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பாலியல் வன்முறை பற்றி ஒருத்தி உங்களிடம் ஒருமுறை சொன்னாள் என்றால், அவள் உங்களிடம் சொன்னாள், அவ்வளவுதான். அச்சில் போடச் சொன்னதாக ஆகாது.

அனுமதி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முழுப் பிரதியையும் அனுப்பி "வாசிச்சுப் பாருங்கோ" என்றால் பாதிப் பேர் வாசிக்கமாட்டார்கள், வாசித்தவர்கள் வெட்கத்தில் "ஓம் ஓம், நல்லாயிருக்கு" என்பார்கள். அவரைப் பற்றிய பக்கங்களை மட்டும் எடுத்து, நேரிலோ தொலைபேசியிலோ நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஒரு கிழமை விட்டு மறுபடி கேளுங்கள். முதல் நாள் சொன்ன "ஓம்", நித்திரை வராத மூன்று இரவுக்குப் பிறகு "வேண்டாம்" ஆகலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அந்த அத்தியாயம் போனால் புத்தகமே விழுந்துவிடும் என்றால், அதை அவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ரொறன்ரோவில் அச்சாகும் ஒரு வரிக்கு, வன்னியில் இருக்கிற தங்கையின் வீட்டுக்கு விசாரணை வரலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம், 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அவருடைய கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதை வாசிக்கத் தெரிந்த எவரும் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய முடிவுக்கு மூன்றரை வருடம். அதனால் எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வரிக்கு விலை கொடுக்கப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தேதியும் தொகையும்

நினைவு தேதிகளை ஒட்டவைத்துவிடும். 1995 யூலை 9 நவாலித் தேவாலயத்தில் விழுந்த குண்டை ஒக்டோபர் இடப்பெயர்வோடு சேர்த்து எழுதுவார்கள். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்த மாதங்களும், 1996 ஏப்ரலில் இராணுவம் அங்கே வந்தபோது ஊருக்குத் திரும்பியதும், வேறு சிலர் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குப் போனதும் ஒரே இரவில் நடந்ததுபோல் வரும். நினைவைத் திருத்த வேண்டாம். "எனக்கு இரண்டும் ஒரே நாள் மாதிரித்தான் இருக்கிறது" என்று எழுதி, பக்கத்தில் சரியான தேதியைப் போடுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் வாசிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

தொகைகளில் சறுக்கல் இன்னும் மோசம். 1,46,679 என்ற எண்ணை இறுதிப் போரில் கொல்லப்பட்டவர்களின் தொகை என்று எழுதுவதை அடிக்கடி காண்கிறேன். அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டது வேறு. 2008 ஒக்டோபரில் வன்னியில் 4,29,059 பேர் இருந்ததாக அரச நிர்வாகக் கணக்கு இருக்கிறது, அரச பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 2,82,380 பேர், மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? அது ஒரு கேள்வி. அதை இறந்தோர் தொகையாக மாற்றினால் மறுப்பவர்களுக்கு நீங்களே வாய்ப்புக் கொடுக்கிறீர்கள், கேள்வியும் செத்துப்போகிறது. குடும்பக் கதைக்கு உண்மையில் இந்த எண்ணே தேவையில்லை. உங்கள் பங்கரில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

எழுதினால் ஆறுமா

ஆறும் என்று நம்பித்தான் பலர் தொடங்குகிறார்கள். ஓரளவு உண்மைதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சகாவும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மை மிகவும் வருத்திய சம்பவத்தை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்திருந்தது. பின்வந்த மாதங்களில் நோய் என்று மருத்துவ நிலையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. ஆனால் அது பெயர் போடாமல், யாரும் முன்னுரை எழுதாமல், யாருக்கும் வெளியிடாமல் எழுதியது. தனக்காக எழுதுவதையும் அச்சுக்கு எழுதுவதையும் ஒரே கொப்பியில் செய்வதுதான் தவறு. முதலாவது கொப்பியை யாருக்கும் காட்டாதீர்கள். அதிலிருந்து எது புத்தகத்துக்குப் போகும் என்பதை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எழுதும் நாள்களில் நித்திரை கெட்டால், பழைய காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், நிறுத்திவிட்டு உளவளத்துணையாளர் ஒருவரிடம் போங்கள்.

பாடநூல் சொற்களும் இடையில் வந்து கெடுக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர். மனதில் பட்ட காயத்துக்கு மனவடு என்ற சொல்லை நாங்கள் அவரைப் போன்றவர்கள் வழியாகத்தான் அறிந்தோம். நல்ல சொல். ஆனால் அம்மா "எனக்கு மனவடு" என்று சொல்லியிருக்கமாட்டார். "நெஞ்சுக்குள்ள இடிக்குது", "ஏங்கிப் போனன்" என்றிருப்பார். அதை அப்படியே விடுங்கள்.

கடைசி அத்தியாயம் ஒன்று எல்லாப் புத்தகத்திலும் வருகிறது: "இன்று நான் மீண்டுவிட்டேன்." தலைப்பில்கூட விடியல், ஒளி, சிறகு. செத்தவீடு நடந்த குடும்பத்துக்கு எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்குப் படிகள் இருக்கின்றன. காணாமற்போனவரின் குடும்பத்துக்கு முதல் படியே இல்லை. திவசம் செய்தால் அவரை நாமே கொன்றதுபோல, செய்யாவிட்டால் ஆன்மா அலைகிறதோ என்ற பயம். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரிடம் போய் விடியலைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். இருபது வருடம் கழித்து அம்மா முதல்முறையாகக் காணாமற்போன அண்ணனின் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார் என்றால், புத்தகம் அந்த இடத்தில் முடியலாம். அடுத்த நாள் அதை மறுபடி வெளியே எடுத்திருந்தால் அதையும் சேர்த்து.

அச்சுக்குப் போகும்போது

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றிய பிறகு ஒரு முழு மெய்ப்பு அவசியம், அதுவும் எழுதியவர் பார்க்கக்கூடாது, அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். இலங்கையில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். கனடாவிலும் இந்தியாவிலும் அது இலவசம், பிரித்தானியாவில் காசு. பேச்சுவழக்கைத் தமிழ்நாட்டு வாசகருக்காக மாற்றாதீர்கள், அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். பிணங்களின் படத்தை அட்டையில் போடாதீர்கள், அதற்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

வெளியீட்டு விழா நாளை முதலில் குறித்துவிட்டுப் பிறகு எழுதி முடிப்பது எங்களிடம் உள்ள பெரிய வியாதி. மண்டபம் கிடைத்துவிட்டது, பிரதம விருந்தினர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக அக்காவிடம் இரண்டாம் முறை கேட்காமலே அச்சுக்குப் போன பிரதி ஒன்றை எனக்குத் தெரியும். விழாவில் அந்த அக்காவையே மேடைக்குக் கூப்பிட்டுச் சிறப்புப் பிரதி கொடுத்தார்கள்.

மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியாகக் கிடந்து கறையான் தின்னும் என்பதால், 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதியை அனுமதிக் கடிதத்தோடு கொடுக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்வேன். கல்வெட்டுகளே அங்கே நிறைய இருக்கின்றன. ஆனால் அங்கே போனால் உலகத்தில் எங்கிருந்தும் எவரும் திறந்து வாசிக்கலாம். முந்நூறு பிரதிக்கு "ஓம்" சொன்ன அக்காவிடம் அதையும் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.