கீரியும் பாம்பும் காதலிக்க: அலுவலகக் காதல் நாவல், படிப்படியாக

ஒரே அலுவலகத்தில் முட்டிக்கொள்ளும் இருவர் காதலில் விழும் கதை எழுத ஆசையா? முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: போட்டியாளர் அளவுக்கு நம் வேலையை உன்னிப்பாகக் கவனிப்பவர் யாருமில்லை. மேலதிகாரிகூட மேலோட்டமாகத்தான் பார்ப்பார். அந்தக் கவனிப்புதான் பின்னால் காதலாகிறது.

படி 1: ஒரே பதவி, இரண்டு பேர்

டீம் லீட் பதவி ஒன்றுதான். அது ஏன் வேண்டும் என்பதற்கு இருவருக்கும் தனித்தனிக் காரணம் கொடுங்கள். காபி கொட்டியது, நாற்காலியை மாற்றியது போன்ற சில்லறைச் சண்டை நாலு பக்கம் தாங்காது. அதற்காக ஒருவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவளுடைய ஐடியாவைத் திருடியவனை வாசகர் லேசில் மன்னிக்க மாட்டார். ஒருவருக்கு மற்றவர் மேலதிகாரியாக இருப்பதும் வேண்டாம். அப்ரைசலைக் கையில் வைத்திருப்பவர் காதலைச் சொன்னால், எதிரில் இருப்பவர் எப்படி மறுப்பார்?

படி 2: சேர்த்துக் கட்டிப்போடுங்கள்

ஒரே புராஜெக்ட், நெருங்கும் கெடு. போதும்.

படி 3: மதிப்பு முதலில், மயக்கம் பிறகு

நாவலின் உயிர் இங்கேதான். இரவு ஒன்பது மணி. காலையில் அவளுக்கு பிரசென்டேஷன். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் நிற்கிறான்.

“பதினாலாவது ஸ்லைடுல கணக்கு உதைக்குது.”

“என் ஸ்லைடை நீங்க எதுக்குப் பார்க்கறீங்க?”

“எப்பவும் பார்ப்பேன். எங்கயாவது சறுக்குவீங்களான்னு.”

அவள் கூட்டிப் பார்க்கிறாள். தப்புதான்.

வாயைத் திறக்காமல் போயிருந்தால் பதவி அவனுக்கு. இதை நீங்கள் விளக்க வேண்டாம். ‘அவள் இதயம் படபடத்தது’ என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, காட்சி படுத்துவிடும். அந்த ‘நீங்க’ எந்த அத்தியாயத்தில் ‘நீ’ ஆகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கோபத்தில் வாய்தவறி வந்தால் இன்னும் அழகு.

படி 4: ஒருவருக்கு முன்னமே தெரியட்டும்

1940இல் வந்த ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ படத்தில், ஒரே கடையில் சண்டைபோடும் இருவர் யாரென்று தெரியாமலே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுகிறார்கள். உண்மை அவனுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது; அவன் சொல்வதில்லை. உங்கள் கதைக்குக் கடிதம் தேவையில்லை. தன் மனசு தனக்குப் புரிந்தும், வெளியே பழையபடி வம்பிழுக்கும் ஒருவர் இருந்தால் போதும். பின்பாதி தானாக நகரும்.

படி 5: பதவி யாருக்கு?

காதலுக்காக ஒருவர், பெரும்பாலும் அவள், ராஜினாமா செய்யும் முடிவு எனக்குப் பிடிக்காது. கடைசி நேரத்தில் பதவியே ரத்தாவது அழுகுணி ஆட்டம். ஒருவர் நேர்மையாக ஜெயிக்கட்டும். தோற்றவருக்கு வயிறு எரியட்டும், ஓர் அத்தியாயம் முழுக்க. வாழ்த்துச் சொல்ல அவரை அவசரப்படுத்தாதீர்கள்.