பள்ளியை விட்டு நிற்கும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஆண்டுதோறும் படிவம் நான்கிலோ ஐந்திலோ, அதாவது இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஐந்தாம் ஆண்டில், யாராவது ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடுகிறது. காரணத்தைக் குறை சொல்ல மாட்டேன். செம்பனைக் காட்டில் அப்பாவுக்கு அடிபட்டிருக்கும், வீட்டில் காசு இருக்காது. ஆனால் நிற்கும் விதத்தில் அண்ணன் செய்த தவறையே தம்பியும் செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சொல்லாமல் நிற்பது

இன்று போகவில்லை, நாளை போகவில்லை, அப்படியே வேலைக்குப் போய்விடுவது. பள்ளியில் பெயர் இருந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கைக் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கடைசியில் பெயரை நீக்கிவிடுவார்கள். குடும்பம் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து வெகுநாள் ஆகியிருக்கும். கடிதமோ பழைய முகவரிக்கே போகும்.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் கார் கழுவும் கடைக்குப் போனான். அப்புறம் வெல்டிங் கற்க ஆசை வந்தது. கியாட்மாரா போன்ற அரசுத் தொழிற்பயிற்சி மையங்களில் பல பயிற்சிகளுக்கு எஸ்.பி.எம்., அதாவது படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு, கட்டாயமில்லை. ஆனால் அவன் போன மையத்தில் பள்ளி விலகல் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காகப் பள்ளிக்குப் போனால், இரவல் தந்த பாடப்புத்தகங்கள் எங்கே என்றார்கள். அவை எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டன. இழுத்து இழுத்துச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அலுவலக வாசலில் அவன் அம்மா அழுததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நின்ற வாரமே பெற்றோர் நேரில் போய்க் கடிதம் கொடுத்து, புத்தகங்களைத் திருப்பி, சான்றிதழுக்குச் சொல்லி வைத்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. புது முகவரியையும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

புகுமுக வகுப்போடு நிற்பது

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் போதாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் படிக்கும் வகுப்பு இது. "கூட்டாளிங்க எல்லாம் மேல போயிட்டாங்க" என்ற வெட்கத்திலேயே சிலர் நின்றுவிடுகிறார்கள். ஓர் ஆண்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

சண்டை போட்ட வாரத்தில் முடிவெடுப்பது

வேண்டாம்.

எஸ்.பி.எம். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்பது

சரி, எழுதலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவராக எழுதினால் தேர்வுக் கட்டணம் இல்லை. வெளியே நின்று தனியாகப் பதிந்தால் உங்கள் பணம். 2013 முதல் மலாயோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, இரவில் சொல்லித்தர ஆளில்லாமல் வரலாறு படிப்பது எளிதல்ல. படிவம் ஐந்து வரை வந்துவிட்டவர்கள் தேர்வு முடியும்வரை வேலையை மாலைக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.