ரன்டைமா, பில்ட்-டைமா? ஸ்டைலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரியாக்ட் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் இரண்டு விதமாக உருவாகலாம். ஸ்டைல்டு-காம்பொனென்ட்ஸ், இமோஷன் போன்ற ரன்டைம் லைப்ரரிகள் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போது சிஎஸ்எஸ்ஸை உருவாக்குகின்றன. வனிலா-எக்ஸ்ட்ராக்ட், லினேரியா, டெயில்விண்ட், சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் ஆகிய பில்ட்-டைம் வழிகள், பிரவுசருக்குப் போகும் முன் கோட் பில்ட் ஆகும்போதே சிஎஸ்எஸ் கோப்பை எழுதி முடித்துவிடும். எது நல்லது என்று லைப்ரரிகளை ஒப்பிடுவதில் ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. ஒரு மதிப்பு எப்போது தெரியவரும் என்று முதலில் பாருங்கள். பட்டனின் பேடிங், தீம் நிறங்கள், மூன்று நான்கு சைஸ்கள் எல்லாம் கோட் எழுதும்போதே தெரிந்தவை. ஸ்லைடரை இழுக்கும் இடம், பயனர் தேர்ந்தெடுத்த நிறம் போன்றவைதான் ஓடும்போது தெரியவருபவை. இவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும்.

அந்தச் சில மதிப்புகளுக்காக ரன்டைம் லைப்ரரி தேவையில்லை. பில்ட்-டைம் கோப்பில், உதாரணமாக ஸ்லைடரின் அகலத்தை ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளிலிருந்து (பெயரிட்டு வைத்த மதிப்பு) எடுக்கும்படி எழுதுங்கள்; அதன் மதிப்பை மட்டும் எலிமென்ட்டின் ஸ்டைல் ஆட்ரிபியூட்டில் கொடுங்கள். ரன்டைம் லைப்ரரியிலேயே இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. மாறிக்கொண்டே இருக்கும் பிக்சல் மதிப்பை ப்ராப் (காம்பொனென்ட் என்னும் ரியாக்ட் துண்டுக்குள் அனுப்பும் மதிப்பு) வழியாக ஸ்டைல் டெம்ப்ளேட்டுக்குள் நுழைத்தால், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு புதிய கிளாஸும் ஒரு புதிய விதியும் சேரும். ரெண்டரின் (ரியாக்ட் காம்பொனென்ட்டை உருவாக்கிக் காட்டும் வேலையின்) நடுவே விதி சேரும்போதெல்லாம் பிரவுசர் ஸ்டைல்களை மறுபடி கணக்கிட வேண்டியிருப்பதால் இழுக்கும்போது திரை திக்கும். ஒரே காம்பொனென்ட்டில் 200 கிளாஸைத் தாண்டினால் ஸ்டைல்டு-காம்பொனென்ட்ஸ் கன்சோலில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ஸ்டைல் செய்த காம்பொனென்ட்டை இன்னொரு காம்பொனென்ட்டின் ஃபங்ஷனுக்குள் உருவாக்குவது இதைவிட மோசம். ஒவ்வொரு ரெண்டரிலும் அது ரியாக்ட்டுக்குப் புது வகையாகத் தெரியும். ரியாக்ட் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும். இன்புட்டில் ஓர் எழுத்து அடித்ததும் ஃபோகஸ் போய்விடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வரையறையை ஃபங்ஷனுக்கு வெளியே கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

பில்ட்-டைம் பக்கத்தில் அடிக்கடி மாட்டுவது டெயில்விண்ட் கிளாஸ் பெயரை ஒட்டவைப்பதில். நிறத்தின் பெயரை ப்ராப்பாக வாங்கி, முன்னும் பின்னும் துண்டுகளைச் சேர்த்துக் கிளாஸ் பெயராக்கினால் அந்தக் கிளாஸ் உருவாகாது. டெயில்விண்ட் உங்கள் கோடை இயக்குவதில்லை, வெறும் உரையாகத்தான் படிக்கிறது. முழுப் பெயர் எங்காவது எழுதியிருந்தால்தான் அதற்குத் தெரியும். வேறொரு கோப்பில் அதே கிளாஸ் முழுதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரிவதும், அந்தக் கோப்பை நீக்கியதும் நிறம் காணாமல் போவதும் இதனால்தான். ப்ராப் மதிப்பு ஒவ்வொன்றுக்கும் முழுக் கிளாஸ் பெயரை எழுதிய ஒரு ஆப்ஜெக்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரில் மட்டும் ஓடும் ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்டுகளில் கான்டெக்ஸ்ட் (ப்ராப் இல்லாமலே உள்ளே இருக்கும் காம்பொனென்ட்டுகளுக்கு மதிப்பைக் கடத்தும் வசதி) கிடையாது. தீமைக் கான்டெக்ஸ்ட் வழியாகக் கடத்தும் லைப்ரரி என்றால், ஸ்டைல் உள்ள இடமெல்லாம், இது பிரவுசருக்கும் போகும் காம்பொனென்ட் என்று குறிக்கும் ‘யூஸ் கிளையன்ட்’ ஏறிக்கொண்டே போகும். அப்படிக் குறித்த காம்பொனென்ட்டுகள் சர்வரிலும் ரெண்டர் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க பிரவுசருக்கும் போகும். ஸ்டைல்டு-காம்பொனென்ட்ஸ் 2025 மார்ச்சில் பராமரிப்பு நிலைக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. புதிய ப்ராஜெக்ட் தொடங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய ப்ராஜெக்ட்டை அளக்காமல் மாற்ற இறங்காதீர்கள். அளப்பதும் புரொடக்ஷன் பில்ட்டில்தான்: டெவலப்மென்ட்டில் இந்த லைப்ரரிகள் விதிகளைச் செருகும் முறையே வேறு, வேகமும் குறைவு. குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பேனலில் ‘ரீகால்குலேட் ஸ்டைல்’ (ஸ்டைல்களை மறுபடி கணக்கிடுவது) எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லையென்றால், மெதுவாக இருப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

மாற்றத்தான் வேண்டுமென்றால் இரண்டு முறையும் சில காலம் சேர்ந்தே ஓடும். ஒரே எடையுள்ள விதிகளில் கடைசியாக வருவதே வெல்லும் என்பதால், பக்கங்கள் ஏற்றப்படும் வரிசையைப் பொறுத்து தோற்றம் மாறக்கூடும். புதிய பில்ட்-டைம் சிஎஸ்எஸ்ஸை ஒரு கேஸ்கேட் லேயருக்குள் (விதிகளின் முன்னுரிமையை அடுக்குகளாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் வசதி) வைத்து, ரன்டைம் ஸ்டைல்களை லேயருக்கு வெளியே விடுங்கள். லேயருக்கு வெளியே உள்ள சாதாரண விதியே எப்போதும் வெல்லும்; அதனால் பழைய காம்பொனென்ட்டுகளின் தோற்றம் கலையாது, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம்.