அம்மாவின் அல்பத்தில் கை வைக்கும் முன்

அம்மாவைப் பற்றிப் புகைப்படத்தொடர் செய்யக் கிளம்புகிறவர்கள் முதல் வாரத்திலேயே விடும் பிழைகள் இவை. பிளாஷ் போடாதே, கை ஆட்டாதே என்பவை இதில் இல்லை.

படங்களை அல்பத்திலிருந்து கழற்றுவது

இதைவிட எரிச்சலூட்டும் பிழை இல்லை. ஸ்கான் செய்ய வசதி என்று, ஒரே பின்னேரத்தில் அத்தனை படங்களையும் உரித்து மேசையில் குவித்துவிடுவார்கள். அந்த அல்பத்தை ஒட்டி அடுக்கியவர் பெரும்பாலும் அம்மாதான். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தார், எந்தப் பக்கத்தில் நாலு மூலைத்தாள்கள் மட்டும் படமில்லாமல் நிற்கின்றன என்பதெல்லாம் அவருடைய கணக்கு. குவித்த பிறகு அது திரும்பி வராது. தாய்மையைப் படமாக்கப் போகிறவர், தாய் தன் கையால் செய்த தொகுப்பைக் கலைத்துவிட்டுத் தொடங்குகிறார்!

முதலில் அட்டையிலிருந்து அட்டைவரை, வெற்றுப் பக்கங்களும் சேர, ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக எடுங்கள். யன்னலோரம் தரையில் அல்பம், நேர் மேலே கமரா. பிளாஸ்ரிக் தாள் மினுங்கினால் அல்பத்தைத் திருப்பிப் பாருங்கள். தாளை இழுக்க வேண்டாம். பிறகு இலக்கம்: ஏழாம் பக்கத்து மூன்றாம் படம் 07-3. அதற்குப் பிறகே ஸ்கான், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி). 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும். கழன்று வரும் படத்தின் பின்பக்கத்தையும் செய்யுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் "மகளுக்கு 6 மாதம்" என்ற எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

பசை அல்பத்துப் படத்தை இழுத்தால் மேற்பரப்பு மடிந்து வெடிக்கும். மெழுகு பூசாத, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுக்கலாம். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போனதைக் கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள்.

வீட்டில் இருப்பதோடு நிறுத்துவது

1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்பில் வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இல்லாத படம், யாழ்ப்பாணத்துக்கோ லண்டனுக்கோ கடிதத்தோடு போன பிரதியாக மாமி வீட்டில் கிடக்கலாம். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டிலும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். டொக்கியூமன்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

"இது ஆர்?" என்று மட்டும் கேட்பது

பெயர் வரும், அதோடு நின்றுவிடும். "ஆர் எடுத்தது?", "இந்தச் சீலை இப்ப எங்க?" என்று கேளுங்கள். ஒலிப்பதிவு ஓடட்டும். பாதிப் படங்களில் அம்மா ஏன் இல்லை என்பதும் அப்போது வரும்: அடுப்பு, பந்தி, அழுத பிள்ளை.

சுருங்கிய கையில் பழைய படம்

எல்லாரும் எடுத்தாயிற்று.

லமினேற்

வேண்டாம். கழற்ற முடியாது.

ஒருமுறை தலையாட்டியதை அனுமதி என்று எடுப்பது

அடுப்படியில் "ஓம்" என்றது கண்காட்சிச் சுவருக்கு "ஓம்" ஆகாது. பிள்ளைத்தாச்சியாக நின்ற படம், தவறிப்போன பிள்ளையின் படம் என்றால், சுவரில் தொங்கப்போகும் அளவிலேயே அச்செடுத்துக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் 07-3 கோப்புறையிலேயே இருக்கட்டும்.