வீட்டில் மின் ஆபத்து வந்தால்: எதை முதலில் அணைப்பது, எதைத் தொடக்கூடாது

ஒருவருக்கு ஷாக் அடித்தாலும் சரி, ஸ்விட்ச் போர்டில் புகை வந்தாலும் சரி, முதல் வேலை கரண்டை நிறுத்துவதுதான். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, அதை அணைத்தால் வீடு முழுக்க நின்றுவிடுமா என்று கேட்டால், பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குத்தான் பதில் தெரிந்திருக்கும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் பாட்டியும் பேத்தியும் மட்டும் இருப்பார்கள். அவர்களாலும் சில நொடிகளில் கரண்டை நிறுத்த முடிய வேண்டும். மின்வேலை எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் வேலை இதில் ஒன்றுகூட இல்லை.

படி 1: மெயின் போர்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

பகல் நேரத்தில், வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மீட்டர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். மீட்டரும் அதன் சீலும் மின்வாரியத்துக்குச் சொந்தம், அதைத் தொடவே வேண்டாம். அதற்கு அடுத்தது உங்கள் மெயின் ஸ்விட்ச். அங்கிருந்து வீட்டுக்குள் போகும் லைன், வரிசையாக எம்சிபிகள் (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சின்ன ஸ்விட்சுகள்) இருக்கும் டிபி பெட்டிக்கு, அதாவது கரண்டை அறை அறையாகப் பிரிக்கும் பெட்டிக்கு வரும். பழைய வீடாக இருந்தால் எம்சிபிக்குப் பதில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் இருக்கும்.

இப்போது மெயினை அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் சில லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். மெயினை அணைத்த அடுத்த நொடியே, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அந்த 230 வோல்ட்டும் ஆளைக் கொல்லும். எந்தெந்த அறையில் எது ஓடுகிறது என்று பார்த்து, அந்த ஸ்விட்ச் போர்டுகளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை அணைத்துப் பாருங்கள். பல மாடல்களில் அந்த பட்டன் பேட்டரி சப்ளையை மட்டும்தான் நிறுத்தும். மெயின் ஆனில் இருந்தால், இன்வெர்ட்டர் வழியாகவே ஈபி கரண்ட் போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் அணைக்க வேண்டும்: முதலில் மெயின், பிறகு இன்வெர்ட்டர். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி டிபி பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாடியில் சோலார் பேனல் இருந்தால், பேனலிலிருந்து இறங்கும் ஒயரில் பகல் முழுக்க மின்னழுத்தம் இருக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்.

படி 2: எம்சிபி வேறு, ஆர்சிசிபி வேறு

எம்சிபி இருக்கிறது, அதனால் ஷாக் அடித்தால் தானாக டிரிப் ஆகிவிடும், அதாவது விழுந்து கரண்டைத் துண்டித்துவிடும் என்று நம்புபவர்கள் அதிகம். தயவுசெய்து அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 16 ஆம்பியர் எம்சிபி என்றால், அதைத் தாண்டிய கரண்ட் போனால்தான் அது வேலை செய்யும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பு வழியாக 50, 100 மில்லி ஆம்பியர் போனாலே இதயம் நின்றுபோகலாம். எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதன் வேலை ஒயரைக் காப்பாற்றுவது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸ் ஒயரில் போகும் கரண்டும் நியூட்ரல் ஒயரில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, ஒரு நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். டிபி பெட்டியில் 'டி' என்று போட்ட சின்ன பட்டனோடு, எம்சிபியை விட அகலமாக ஒன்று இருந்தால் அது அநேகமாக ஆர்சிசிபிதான். 30 மில்லி ஆம்பியர் என்று அதிலேயே எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை அந்த பட்டனை அழுத்துங்கள். ஆர்சிசிபியின் ஸ்விட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது, மாற்ற வேண்டும்.

ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால், அடுத்த செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். புது டிவி காத்திருக்கலாம். ஆனால் ஆர்சிசிபியிடமும் ஒரு போதாமை உண்டு. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் இன்னொரு கையால் நியூட்ரலையும் பிடித்தால், அவரை ஒரு சாதாரண லைட் என்றே அது நினைத்துக்கொள்ளும், டிரிப் ஆகாது.

படி 3: அறிகுறிகளைப் படிக்கப் பழகுங்கள்

மின்கோளாறு பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும்.

ஸ்விட்ச் போர்டில் கை வைத்தால் சூடு, உள்ளே 'ஙொய்' என்ற சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாசனை, பிளக்கின் கால்களைச் சுற்றி கறுப்பு அல்லது பழுப்பு நிறம் என்று எதைக் கண்டாலும், பெரும்பாலும் காரணம் லூஸ் காண்டாக்ட் அல்லது தாங்காத லோடு. 6 ஆம்பியர் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது சுமார் 1,380 வாட். தண்ணீர் காய்ச்சும் ராடு 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி தினமும் ஓட்டினால் அந்த பாக்ஸ் உருகத்தான் செய்யும். அந்த லைனின் எம்சிபியை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த பாயிண்ட் வேண்டாம்.

கிரைண்டரையோ வாஷிங் மெஷினையோ தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? மழைக்காலத்தில் சுவரையும் குழாயையும் தொட்டால்கூட சில வீடுகளில் இப்படி இருக்கும். "லேசாத்தான் அடிக்குது" என்று செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். எர்த் (கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர்) சரியில்லை, கரண்ட் கசிகிறது என்பதுதான் அந்தச் சுருக்கின் அர்த்தம். இன்று காய்ந்த தரை, அதனால் லேசாக அடித்தது. நாளை ஈரத்தரையில் வெறுங்காலோடு தொட்டால் கதை வேறு. மெயினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழுது பார்க்கும்வரை ஓரமாக வையுங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் இன்னொன்று நடக்கும். திடீரென்று சில லைட்டுகள் கண் கூசும்படி எரியும், சில மங்கும், ஃபேன் பேய் வேகத்தில் சுற்றும். நியூட்ரல் கட் ஆகியிருக்கிறது என்று பொருள். 230 வோல்ட் வர வேண்டிய பாயிண்டில் 400 வரைகூட ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் புகைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து சரிசெய்யும்வரை போடவே கூடாது.

வாசனை விஷயத்தில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதி தலைகீழ். வருவது சமையல் கேஸ் வாசனை என்றால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்தச் சின்ன பொறியே போதும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

படி 4: டிரிப் ஆனால் எப்படிப் போடுவது

எந்த எம்சிபி விழுந்தது என்று பாருங்கள். அந்த லைனில் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எம்சிபியை முழுக்கக் கீழே தள்ளிவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். பாதியில் நிற்பதை அப்படியே தூக்கினால் சில எம்சிபி பிடிக்காது. விழாமல் மேலேயே நின்றால் ஒவ்வொரு பொருளாகச் செருகி ஆன் செய்யுங்கள். எதைப் போட்டதும் மறுபடி விழுகிறதோ அதுதான் பழுது. எதுவுமே செருகாமல் விழுந்தால் பழுது ஒயரிங்கில். அங்கே நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஆர்சிசிபி விழுந்தாலும் இதே முறைதான்.

ஃப்யூஸ் கட்டை உள்ள வீடுகளில், அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஃப்யூஸ் உருகாது, சுவருக்குள் ஒயர்தான் உருகும்.

படி 5: ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்

அவரைத் தொடாதீர்கள். மனசு கேட்காதுதான். பெற்ற பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிக்கும்போது ஓடிப்போய் இழுக்கத்தான் தோன்றும். துணி காயப்போடும் கம்பியில் கரண்ட் பாய்ந்து, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். கரண்ட் பாயும்போது கைத்தசை இறுகிவிடும், அவராக விடமுடியாது. நீங்கள் தொட்டால் உங்களுக்கும் அதே நிலைதான்.

மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால், "நீ போய் மெயினை ஆஃப் பண்ணு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிளக்குக்கு மேலே உள்ள ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள். சில வீடுகளில் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், ஸ்விட்சை அணைத்தாலும் ஃபேஸ் இருக்கும்.

மெயின் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரையோ அவர் கையையோ தட்டிவிடுங்கள். ஈரமான கட்டை, இரும்பு, அலுமினியம் எதுவும் கூடாது. குளியலறையில் ஹீட்டர் ராடால் விழுந்திருந்தால் ஈரத்தரையில் காலே வைக்காதீர்கள், மெயினை அணைப்பது ஒன்றுதான் வழி. இந்தக் கட்டை வைத்தியமெல்லாம் வீட்டு லைனுக்கு மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர், 11,000 வோல்ட் லைன் என்றால் பக்கத்திலேயே போகக்கூடாது.

கரண்ட் நின்றது உறுதியானதும் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் இல்லை அல்லது விட்டுவிட்டு இழுப்பதுபோல் வருகிறது என்றால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சிபிஆர் ஆரம்பியுங்கள்:

அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சுக்கு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், உங்கள் உடம்பு எடையால் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஆள் மாறிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது அவர் அசையும்வரை நிறுத்தாதீர்கள். உள்ளங்காலைத் தேய்ப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நேரம்தான் வீணாகும், தண்ணீர் மூச்சுக்குழாயிலும் போய்விடும்.

மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடலாம். பற்பசை, இங்க், மஞ்சள் போடாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம். இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பிணி என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

படி 6: தீப்பிடித்தால்

தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்த பிறகு, தீ சின்னதாக இருந்தால் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானால் அடியைப் பார்த்து அடிக்கலாம். காய்ந்த மணலும் உதவும். மெயின் போர்டே எரிகிறது என்றால் அதன் பக்கம் போக வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 101-ஐ அழையுங்கள். அடுக்குமாடியில் லிஃப்ட்டைத் தவிர்த்து படியில் இறங்குங்கள்.

படி 7: மழையும் வெள்ளமும்

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை மக்களுக்கு நேரில் தெரிந்த விஷயம், தண்ணீர் ஏறும் வேகம். தெருவில் தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். பிளக் பாயிண்ட் வரை ஏறிய பிறகு அந்தத் தண்ணீரில் நடந்து போய் மெயினை அணைக்கப் போகாதீர்கள். தண்ணீருக்கு வெளியே நின்று மின்வாரியத்தை அழைத்து லைனை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான்.

அறுந்து கிடக்கும் கம்பியைச் செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மற்றவர்களையும் தடுங்கள். தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால், பெரிய எட்டு வைக்காமல், இரண்டு பாதமும் ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி இருந்தால் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள், சர்வீஸ் ஒயர் போகும் குழாயிலும் கரண்ட் கம்பத்திலும் கட்டாமல்.

தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். நனைந்த ஸ்விட்ச் போர்டுகளை எலக்ட்ரீஷியன் திறந்து காயவைத்து, ஒயரிங்கில் கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் என்ற கருவியை வைத்துச் சோதித்த பிறகே போடுங்கள். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் நனைந்திருந்தால் அவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி டிபி பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய தாளில் எண்களையும் சேர்த்துவிடுங்கள்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, மின்தடை, அறுந்த கம்பி, லைன் நிறுத்த மின்னகம் (தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையம்) 94987 94987. மின்னகத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், பில்லைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதையும் மார்க்கரால் அதே தாளில் எழுதி வையுங்கள்.