நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட்: மலையேறும் முன் செய்யும் தவறுகள்

கம்பமெட்டு, குமுளி பக்கம் ஏலக்காய்த் தோட்ட ஆபீஸ்களில் நெட்டையே பார்க்காத கம்ப்யூட்டர் ஒன்று அநேகமாக இருக்கும். காய் எடையும் கூலிக் கணக்கும் அதில்தான். சில இடத்தில் டவர் எட்டாது. சில இடத்தில் கணக்கு வெளியே போகக் கூடாதென்று முதலாளியே ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பார். அதற்கான விண்டோஸ் அப்டேட்டை மலையடிவார ஊர்களான கம்பத்திலோ கூடலூரிலோ டவுன்லோட் செய்து, பென்டிரைவில் போட்டு, காலை ஜீப்பில் கொடுத்தனுப்புவார்கள். ஃபைல் மாறிப்போனால் அன்றைய பாடு வீண்.

பாதித் தவறு டவுன்லோடுக்கு முன்பே நடந்துவிடுகிறது. "விண்டோஸ் பத்துதாண்ணே" என்று கணக்குப்பிள்ளை சொன்னதை மட்டும் வைத்துத் தேட ஆரம்பிப்பது. பத்து என்றால் எந்தப் பத்து? விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி வின்வெர் (winver) என்று அடித்தால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் வெர்ஷன் 22எச்2, பில்ட் 19045 என்றோ, பதினொன்றாக இருந்தால் 24எச்2, 26100 என்றோ போட்டிருக்கும். பில்ட் எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடக் கூடாது; கடைசியாக எந்த அப்டேட் ஏறியது என்பது அதில்தான் தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் 64 பிட்டா 32 பிட்டா என்று இருக்கும். இரண்டையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஜீப் சிக்னல் உள்ள வளைவுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கேபி எண்ணை, அதாவது அப்டேட்டின் அடையாள எண்ணைத் தேடினால், ஒரே எண்ணுக்குப் பல வரிசைகள் வருவதுண்டு: எக்ஸ்64, எக்ஸ்86, ஏஆர்எம்64. 86 பெரிய எண்ணாயிற்றே என்று அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் 32 பிட்; 64 பிட் மெஷினுக்கு வழக்கமாக எக்ஸ்64. மாற்றி எடுத்தால், இந்த அப்டேட் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று மேலே போய்த்தான் தெரியவரும்.

விட்டுப்போன மாதங்களை எல்லாம் வரிசையாக இறக்குவது அடுத்த வீண் வேலை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை (நமக்கு ராத்திரி ஆகிவிடும்) வரும் அப்டேட்டில் முந்தைய மாதங்களுடையதும் சேர்ந்தே இருக்கும். கடைசி ஒன்று போதும். 24எச்2-வில் ஒரு சிக்கல். டவுன்லோட் பெட்டியில் இரண்டு ஃபைல் காட்டினால், அதில் ஒன்று 2024 செப்டம்பரில் வந்த கேபி5043080-ஆக இருக்கும். ஏற்கெனவே அது ஏறாத மெஷினுக்கு இரண்டும் வேண்டும். ஒரே ஃபோல்டரில், வேறு எதையும் கலக்காமல் வையுங்கள். பழைய ஃபைல்தானே என்று ஒதுக்கினால் புதியது ஏறாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்குப் பின் வந்தவை கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்த மெஷின்களுக்கே. சேராத மெஷினுக்காக அவற்றை இறக்கி அனுப்புவதில் பலன் இல்லை.

டவுன்லோட் ஆன ஃபைலுக்குப் பெயர் மாற்றாதீர்கள். அந்த நீளப் பெயரின் கடைசியில் வரும் 40 எழுத்து எண் கலவைதான் ஃபைலின் எஸ்எச்ஏ-1 கைரேகை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் அடையாளம். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் (certutil) கட்டளையை ஹாஷ்ஃபைல் (-hashfile) தேர்வோடு ஓட்டி, அது காட்டும் கைரேகையைப் பெயரில் உள்ளதோடு ஒப்பிட்டால், பாதியில் அறுந்த டவுன்லோடு கம்பத்திலேயே மாட்டிக்கொள்ளும். பென்டிரைவில் காப்பி செய்த பிறகு இன்னொரு முறை ஓட்டுவது நல்லது. கேட்டலாக் அல்லாத ஏதோ தளத்தில் எடுத்த ஃபைலுக்கு இந்தச் சோதனை உதவாது. பெயரையும் அந்தத் தளத்துக்காரனே வைத்திருப்பான்.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் ஃபைல் ஏறாது. விண்டோஸ் 11-க்கே மாற்றுவதற்கான முழு ஐஎஸ்ஓ ஃபைல் அதைவிடப் பெரிது. எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் பத்துப் பேர் செருகிய கம்ப்யூட்டரிலிருந்து ஃபோல்டரை ஷார்ட்கட்டாக்கும் வைரஸ் ஒட்டிக்கொண்டு மேலே போவது சாதாரணம். மேலே உள்ள டிஃபெண்டரோ (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) பல மாதப் பழசு. எம்பிஏஎம்-எஃப்இ என்ற டிஃபெண்டர் அப்டேட் ஃபைலையும் மைக்ரோசாஃப்ட் தருகிறது. அதைத் தனியாக வேறொரு பென்டிரைவில் அனுப்பி முதலில் ஏற்றிவிட்டு, பிறகு இதைச் செருகச் சொல்லுங்கள்.

மேலே போனதும் ஃபைலை டிரைவ் சி-க்கு மாற்றி அங்கிருந்து ஓட்டுவதே சரி. கூலி கொடுக்கும் நாளில் வேண்டாம். ஆடி மழையில் கரண்ட் நிலைக்காது, யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று பார்க்காமல் ஆரம்பிக்கவும் வேண்டாம். கணக்கு ஃபைல்களை வேறு டிரைவில் எடுத்த பிறகுதான் கையே வைக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் தராசு யூஎஸ்பி-சீரியல் ஒயரில் இணைந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அந்த ஒயர்களில் பலவற்றில் பிஎல்2303 சிப்பின் பழைய ரகம் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாறும்போது அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் புதிதாக ஏறினால், 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் இது என்று டிவைஸ் மேனேஜரில் எழுதிக் காட்டிவிட்டுத் தராசு பேசாமல் இருந்துவிடும். பழைய டிரைவரின் செட்டப் ஃபைலும் அதே பென்டிரைவில் போகட்டும்.